காயலான் கடையிலிருந்து ஒரு விண்வெளித் துப்பாக்கி

1977-இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் ஹான் சோலோ என்னும் பாத்திரம் இடுப்பில் தொங்கவிட்டிருக்கும் துப்பாக்கி, நம் உலகத்தையே சேராத பொருள்போலத் தோன்றும். உண்மையில் அது 1896-இல் உருவான 'மௌசர் சி96' என்னும் ஜெர்மன் நாட்டுக் கைத்துப்பாக்கி. அதன் தலையில் ஒரு வேட்டைத் துப்பாக்கியின் தொலைநோக்கியை மாட்டினார்கள். முனையில், இரண்டாம் உலகப் போர்க்கால விமானங்களில் இருந்த இயந்திரத் துப்பாக்கியின் சுடர்மறைப்பானைப் பொருத்தினார்கள். பக்கவாட்டில் இரண்டொரு உலோகத் துண்டுகள். அவ்வளவுதான், கோடிக்கணக்கான குழந்தைகள் இன்றுவரை பார்த்து வியக்கும் 'பிளாஸ்டர்' தயார்.

அதே படத்தில் வெள்ளைக் கவசம் அணிந்த படைவீரர்கள் ஏந்தி வரும் ஆயுதம் இன்னும் நமக்கு நெருக்கமானது. அது பிரிட்டனின் 'ஸ்டெர்லிங்' துப்பாக்கி. இதை உரிமம் பெற்று நம் நாட்டில் கான்பூர் தொழிற்சாலையிலும் செய்தார்கள். காவலர்கள் தோளில் மாட்டியிருக்கும் 'கார்பைன்' என்று நாம் பார்த்துப் பழகியது அதுதான். படக்குழுவினர் அதன் மேல் பழைய பீரங்கி வண்டியின் தொலைநோக்கியையும், பக்கத்தில் தொழிற்சாலை இயந்திரங்களில் எண்ணிக்கை காட்டும் ஒரு சிறு எண்ணியையும், குழலைச் சுற்றிப் பிளாஸ்டிக் பட்டைகளையும் ஒட்டினார்கள். படப்பிடிப்பில் வெற்றுத் தோட்டாக்களை வெடித்தார்கள். காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால், ஒளிக்கதிர் பாயவேண்டிய துப்பாக்கியிலிருந்து பித்தளைக் கூடு துள்ளி விழுவதைச் சில இடங்களில் காணலாம்.

இதற்கெல்லாம் காரணம் பணமின்மை. அரங்கப் பொருள்களுக்குப் பொறுப்பேற்றிருந்த ரோஜர் கிறிஸ்டியன் என்பவரிடம் புதிதாக எல்லாவற்றையும் வடித்துச் செய்யும் அளவுக்கு நிதி இல்லை. உடைத்துப் போட்ட விமானங்களின் உதிரிகளை மலிவு விலைக்கு வாங்கினார். லண்டனில் திரைப்படங்களுக்கு ஆயுதம் வாடகைக்குத் தரும் நிறுவனத்தில் உட்கார்ந்து, பழைய துப்பாக்கிகளில் இதையும் அதையும் ஒட்டிப் பார்த்தார். வறுமையில் பிறந்த இந்த வேலை அடுத்த ஆண்டு ஆஸ்கர் விருது பெற்ற கலை இயக்கக் குழுவில் அவருக்கும் ஓர் இடம் பெற்றுத் தந்தது. அதைவிட முக்கியமானது, படத்திலுள்ள பொருள்கள் எல்லாம் யாரோ பல ஆண்டுகள் பயன்படுத்தியவைபோல் தோன்றின. தோன்றுவதென்ன, அவை உண்மையிலேயே பயன்பட்டவை.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அறிவியல் பாடம் நடத்தும் பட்டதாரி ஆசிரியர் நான். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், "சார், இந்தத் துப்பாக்கியெல்லாம் கம்ப்யூட்டர்ல செஞ்சதா?" என்று கேட்டதிலிருந்துதான் இந்த வேலை எங்கள் அறிவியல் மன்றத்துக்குள் வந்தது. பதிலைச் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் உலகம் முழுவதும் ஒரு கூட்டம், இத்தகைய பொருள்களின் ஒவ்வொரு திருகும் எந்த இயந்திரத்தின் எந்தப் பாகம் என்று ஒளிப்படங்களை வைத்தே கண்டுபிடித்து, அந்தப் பாகத்தைத் தேடி வாங்கி, திரையில் கண்டபடியே மீண்டும் செய்துகொண்டிருக்கிறது. அவர்கள் செய்வது விளையாட்டுத்தான். ஆனால் அந்த விளையாட்டின் முறை நாம் செய்முறை வகுப்பில் கற்பிக்க முயலும் அதே முறை. உற்று நோக்குதல், ஊகித்தல், அளத்தல், ஒப்பிடுதல், தவறென்றால் விட்டுவிடுதல்.

ஓர் எடுத்துக்காட்டு போதும். 1982-இல் வந்த 'பிளேட் ரன்னர்' படத்தின் நாயகன் வைத்திருக்கும் துப்பாக்கி எதனால் ஆனது என்பதை ரசிகர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆராய்ந்தார்கள். ஆஸ்திரிய நாட்டு வேட்டைத் துப்பாக்கி ஒன்றின் நடுப்பகுதியும், அமெரிக்கச் சுழல்துப்பாக்கி ஒன்றும் சேர்ந்தது என்று அறிந்திருந்தார்கள். ஆனாலும் விளிம்புகளும் திருகுகளும் விளக்குகளும் எங்கெங்கே என்பதில் ஓயாத விவாதம். 2006-இல் படத்தில் பயன்பட்ட மூலப்பொருளே ஒரு கண்காட்சியில் வெளிப்பட்டபோது, யார் ஊகம் சரி, யாருடையது பிழை என்று ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. கருதுகோள், சான்று, சரிபார்ப்பு என்ற மூன்றையும் விளக்க இதைவிட நல்ல கதை எனக்குப் பாடநூலில் கிடைக்கவில்லை.

வகுப்பில் நான் முதலில் செய்தது ஒரு படத்தைச் சுவரில் ஒட்டியதுதான். அது துப்பாக்கியின் படமன்று. அதே திரைப்படத்தில் முதியவர் ஓபி-வான் கையில் வரும் ஒளிவாளின் கைப்பிடி. "இதில் உங்களுக்குத் தெரிந்த பொருள் ஏதாவது உண்டா?" என்று மட்டும் கேட்டேன். ஐந்து நிமிடம் சத்தமில்லை. பிறகு கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி, "சார், அடியில இருக்கிறது கொழாய்த் திருகு சார்" என்றாள். வகுப்பு சிரித்தது. அவள் சொன்னதுதான் சரி. அந்தக் கைப்பிடியின் அடிப்பகுதி, குளியலறைக் குழாயைத் திறந்து மூடும் கைத்திருகு. நடுப்பகுதி முதல் உலகப் போர்க்கால எறிகுண்டு ஒன்றின் உடல். இன்னொரு பகுதி ஜெட் எஞ்சினின் குழாய். இயந்திரத் துப்பாக்கியின் பாகமும் ஒன்று உண்டு. அந்த மாணவியின் அப்பா பைப் வேலை பார்க்கிறவர். அன்றைக்கு வகுப்பில் அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரிந்ததைவிட அதிகம்.

நம் பிள்ளைகளுக்கு உதிரிப் பாகங்கள் நன்றாகத் தெரியும் என்பதை நாம் போதுமான அளவு கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை என்று நினைக்கிறேன். மோட்டார் கொட்டாய், டிராக்டர், பைக் மெக்கானிக் பட்டறை, கரும்பு ஆலைக்குப் போகும் வண்டிகள் இவற்றுக்கு நடுவில் வளர்கிறார்கள். எல்போ, டீ, ரெடியூசர், எண்டு கேப், கேட் வால்வு என்று சொல்லும்போது அவர்கள் கண்முன் வடிவம் வருகிறது. உருளை, கூம்பு, வளையம் என்று கணக்கு வகுப்பில் சொல்லும்போது சிலருக்கு அது வருவதில்லை. இரண்டும் ஒன்றென்று காட்டுவதுதான் என் வேலையாக இருந்தது.

அடுத்து அளவெடுப்பு. திரையில் வரும் பொருளின் நீள அகலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? படத்திலுள்ள ஏதாவது ஒரு பாகத்தின் உண்மையான அளவு தெரிந்தால் போதும். ஸ்டெர்லிங் துப்பாக்கியின் தாங்குகட்டையை மடக்கினால் நீளம் ஏறத்தாழ 48 செ.மீ. பக்கவாட்டில் நேராக எடுத்த படத்தை, துப்பாக்கியின் நீளம் தாளில் 16 செ.மீ. வருமாறு அச்சிட்டேன். விகிதம் 1:3. இனி அளவுகோலால் எதை அளந்தாலும் மூன்றால் பெருக்கினால் உண்மை அளவு. குழலின் விட்டம் தாளில் கிட்டத்தட்ட 12.7 மி.மீ.; ஆக உண்மையில் 38 மி.மீ. அளவில் இருக்கவேண்டும். ஏழாம் வகுப்பு விகிதப் பாடம் இதில் அப்படியே அடங்கிவிடுகிறது. படம் சற்றுக் கோணலாக இருந்தால் நீளம் குறுகித் தெரியும், விட்டம் குறுகாது என்பதையும் ஒரு பேனாவைத் திருப்பித் திருப்பிக் காட்டிப் புரியவைத்தேன்.

38 மி.மீ. குழாய் கடையில் இல்லை. விவசாயத்துக்கு விற்கும் பி.வி.சி. குழாய்கள் 20, 25, 32, 40, 50, 63 மி.மீ. என்ற வரிசையில் வருகின்றன. இவை வெளிவிட்டத்தின் அளவுகள். ஆனால் எங்கள் ஊரில் 40 மி.மீ. குழாயை 'ஒண்ணேகால் இஞ்ச்' என்றும், 63 மி.மீ. குழாயை 'ரெண்டு இஞ்ச்' என்றும்தான் கேட்டு வாங்குவார்கள். 2 அங்குலம் என்பது 50.8 மி.மீ. தானே, 63 எப்படி வந்தது? ஒரு மாணவன் இதைப் பிடித்துக்கொண்டான். அங்குலப் பெயர் தண்ணீர் போகும் உட்பகுதியின் அளவையொட்டி வைத்தது, மில்லிமீட்டர் வெளியளவு என்று விளக்கினேன். வீட்டில் போய் அப்பாவிடம் சொல்லியிருக்கிறான். அவர் பல வருடமாகக் குழாய் வாங்குகிறவர். மறுநாள் அளவுகோலோடு கொட்டாய்க்குப் போய்விட்டாராம்.

40 மி.மீ. குழாயை எடுத்தால் 2 மி.மீ. பிழை; 38-இல் அது ஏறத்தாழ 5 விழுக்காடு. இதை ஏற்பதா, வேண்டாமா? இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். 'திரையில் உள்ளபடியே' என்ற சொல்லே அவ்வளவு உறுதியானது அல்ல. ஒரே படத்தில் ஒரே வகைத் துப்பாக்கி காட்சிக்குக் காட்சி வேறுபடும். அண்மைக் காட்சிக்கு உண்மை உலோகம், தூரத்தில் ஓடுபவர்களுக்கு அச்சில் வார்த்த பொம்மை. ஒன்றில் எண்ணி இருக்கும், இன்னொன்றில் இருக்காது. ஆகவே 'எதற்குத் துல்லியம்?' என்று கேட்காமல் துல்லியத்தைப் பற்றிப் பேச முடியாது. எங்கள் மாணவர்கள் தாங்களே ஒரு வரம்பு வைத்தார்கள்: நீளத்தில் 2 விழுக்காடு, விட்டத்தில் 6 விழுக்காடு. ஏன் 6 என்று கேட்டேன். "அப்பத்தான் சார் நம்ம பைப்பு பாஸ் ஆவும்" என்றார்கள். நேர்மையான பதில் என்று விட்டுவிட்டேன்.

எண்ணிக்கு ஒரு பழைய டேப் ரெக்கார்டர் கிடைத்தது. அதில் நாடா எவ்வளவு ஓடியது என்று காட்டும் மூன்று இலக்க எண்சக்கரம் இருக்கும், நினைவிருக்கலாம். படத்தில் ஒட்டியிருந்த எண்ணியும் இதே வகைதான். தொடக்கநிலை ஆசிரியர்கள் இதை ஒன்றேனும் தேடி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பேன். 9-க்குப் பிறகு ஒன்றின் சக்கரம் 0-க்கு வரும்போது, அதிலுள்ள ஒற்றைப் பல் பக்கத்துச் சக்கரத்தைப் பத்தில் ஒரு பங்கு தள்ளிவிடுகிறது. 099 மெல்ல நகர்ந்து 100 ஆவதை ஒரு மூன்றாம் வகுப்புக் குழந்தை கையால் சுற்றிப் பார்த்தால், இடமதிப்பைக் கரும்பலகையில் பத்துமுறை எழுதவேண்டியதில்லை. குழலைச் சுற்றி ஒட்ட வயரிங் கேசிங் பட்டை. தொலைநோக்கிக்குச் சைக்கிள் பம்பின் ஒரு துண்டு. மருந்தடிக்கும் மெஷினின் பாகங்கள், பழைய பேட்டரிகள், டியூப் லைட், கெப்பாசிட்டர் ஆகியவற்றை வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். பூச்சிமருந்து பட்ட நாசில் ஒன்று அச்சு அசலாகச் சுடர்மறைப்பான்போலவே இருந்தது. இருந்தும் வேண்டாம் என்றேன். ரெடியூசர் ஒன்றே அந்த வேலையைச் செய்தது.

கைப்பிடிக்கு மரம். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது நீங்கள் அறிந்ததே. சிற்ப வேலை செய்யும் பெற்றோர் ஒருவர் வாகை மரத்துண்டு ஒன்றில் அரைமணி நேரத்தில் கைப்பிடியைச் செதுக்கித் தந்தார். அவர் என் மூன்று மடங்குக் கணக்கைப் பார்த்துவிட்டு, தங்கள் முறையைச் சொன்னார். சிலையின் முகநீளம் ஒரு தாலம். அதைப் பன்னிரண்டு அங்குலமாகப் பிரித்து, மற்ற உறுப்புகளை அந்தக் கணக்கில் வைப்பார்கள். ஓரடிச் சிலையானாலும் ஆறடிச் சிலையானாலும் கணக்கு ஒன்றே. அங்கே 'அங்குலம்' என்பது நீளத்தின் அலகு அல்ல, விகிதத்தின் அலகு. இதைக் கேட்டதும் ஒரு மாணவி, கூவாகம் திருவிழாவில் அரவானின் உறுப்புகள் சுற்றுவட்டார ஊர்களிலிருந்து வந்து தேரில் முழு உருவமாவதை நினைவுபடுத்தினாள். பாகங்களைத் திரட்டி ஓர் உருவம் கட்டுவதை இவர்கள் ஆண்டுதோறும் பார்த்துவருகிறார்கள்.

சினிமாவிலும் இது நமக்குப் புதிதல்ல. கல்வராயன் மலைக்கு மறுபுறம் உள்ள சேலத்தில், மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம் 1952-இல் அமெரிக்கர்களோடு சேர்ந்து 'காடு' என்ற படத்தை எடுத்தது. அதில் வரும் பழங்கால மயிர்யானைகள், கம்பளி போர்த்திய நம் யானைகள். 1963-இல் வந்த 'கலை அரசி'யில் வேற்றுக்கோள்வாசிகள் பூமிக்கே வந்துவிடுகிறார்கள்.

இனி, நான் தயங்கிய விஷயம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து கேட்டார்: "சார், பள்ளிக்கூடத்துல துப்பாக்கி செய்யக் கத்துக் குடுக்கறதா பையன் சொல்றான். இது எதுக்கு சார்?" கேட்கவேண்டிய கேள்விதான். நான் விளக்குமுன் இன்னொரு அம்மா, "நெசத் துப்பாக்கி மாதிரியே இருந்தா ராத்திரில யாராவது பாத்துப் பயந்துக்க மாட்டாங்களா?" என்றார். உலகெங்கும் பொம்மைத் துப்பாக்கியை உண்மையென்று எண்ணி நடந்த விபரீதங்கள் உண்டு. உண்மைபோலவே இருக்கவேண்டும் என்பதுதான் இந்தக் கலையின் குறிக்கோள். பள்ளிக்கு அதுவே ஆபத்து. அந்தக் கூட்டத்திலேயே சில முடிவுகள் எடுத்தோம். விசை வைக்கக் கூடாது. தோட்டாப் பெட்டி கூடாது. குழலின் வாயை மஞ்சள் எண்டு கேப்பால் ஒட்டி மூடிவிடவேண்டும். கறுப்புச் சாயம் பூசக் கூடாது; குழாயின் சாம்பல் நிறம் அப்படியே இருக்கட்டும். ஆய்வகத்தை விட்டு வெளியே போகக் கூடாது. யாரையும் குறிபார்க்கக் கூடாது. கண்காட்சி முடிந்த மறுநாள் பிரித்துவிடவேண்டும். இத்தனைக்கும் பிறகு 'அசலைப்போல' என்பதில் பாதி போய்விட்டது என்று மாணவர்கள் வருந்தினார்கள். போகட்டும் என்பதே என் கருத்து. அளவுகள் மிஞ்சின, நமக்கு வேண்டியது அதுதான்.

மலைக்கு இதை எடுத்துச் செல்லும்படி அழைப்பு வந்தபோது துப்பாக்கியையே விட்டுவிட்டேன். கல்வராயன் மலையில் நாட்டுத் துப்பாக்கி என்பது சினிமாச் சொல் அல்ல. உரிமமில்லாத துப்பாக்கிகளைக் காவல்துறை பறிமுதல் செய்வதும், ஒப்படைக்கச் சொல்வதும் அங்கு நடப்பவை. அப்படிப்பட்ட ஊரின் பிள்ளையிடம் போய்த் துப்பாக்கியின் பாகங்களைப் பற்றி ஆர்வமாகப் பேச எனக்கு மனம் வரவில்லை. வேறு சிலர் வேறு மாதிரி நினைக்கலாம். உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றின் மாணவர்களோடு நாங்கள் செய்தது ஒளிவாளின் கைப்பிடி.

அதற்கும் ஒரு நல்ல காரணம் இருந்தது. படத்தில் லூக் வைத்திருக்கும் ஒளிவாளின் கைப்பிடி, அந்தக் காலப் பத்திரிகை ஒளிப்படக்காரர்கள் காமிராவோடு மாட்டிக்கொண்ட 'கிராஃப்ளெக்ஸ்' என்ற ஒளிவீச்சு விளக்கின் பிடி. லண்டனில் ஒரு காமிராக் கடையின் பெட்டிகளில் கிடந்ததை ரோஜர் கிறிஸ்டியன் கண்டெடுத்தார். கறுப்புப் பட்டைகளையும், ஒரு பழைய கால்குலேட்டரின் திரைமேல் இருக்கும் குமிழ்ப் பட்டையையும், இடுப்பில் தொங்கவிட ஒரு வளையத்தையும் சேர்த்தார். பிடிக்குள் மூன்று பேட்டரி இருக்கும். ஆம், மலைவீடுகளில் இரவில் துணைக்கு வரும் 'மூணு பேட்டரி டார்ச்'சின் நெருங்கிய சொந்தம் அது. மாணவர்கள் வீடுகளிலிருந்து எரியாத டார்ச்சுகளாக ஏழு வந்தன. ஒன்றின் உள்ளே துரு, ஒன்றில் ஸ்பிரிங் இல்லை, மூன்றில் சுவிட்சின் தகடு வளைந்திருந்தது. மின்சுற்றுப் பாடத்தை அங்கேயே நடத்தினோம்: மூன்று 1.5 வோல்ட் மின்கலங்களைத் தொடராக வைத்தால் 4.5 வோல்ட், சுற்று எங்கே அறுந்தது என்று கம்பியை வைத்துத் தேடு. உப்புத்தாளால் துருவைத் தேய்த்ததில் நான்கு டார்ச்சுகள் எரிந்துவிட்டன. எரிந்த நான்கையும் ஒளிவாளாக்க விடமாட்டோம் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடித்தார்கள், வீட்டுக்கு வேண்டுமாம். ஆக, மலையில் நாங்கள் செய்த ஒளிவாள்கள் மூன்றே.

ஒலி பற்றியும் ஒன்று. 'பியூ... பியூ...' என்னும் அந்தத் துப்பாக்கிச் சத்தத்தை ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட், வானொலிக் கோபுரத்தைத் தாங்கும் இழுகம்பியைச் சுத்தியலால் தட்டிப் பதிவு செய்தார். விறைப்பான கம்பியில் பல அதிர்வெண்கள் ஒரே வேகத்தில் செல்வதில்லை. உயர் அதிர்வெண் முன்னே வந்துவிடும், தாழ்ந்தது பின்னால் வரும். அதனால்தான் ஒலி மேலிருந்து கீழே வழுக்குகிறது. இதைச் சொன்ன உடனே மாணவர் கண்கள் ஜன்னலுக்கு வெளியே மின்கம்பத்தின் ஸ்டே கம்பிக்குப் போகும், எங்களிடம் போயிற்று. ஆகவே இதை வகுப்பில் சொல்லும்முன், ஸ்டே கம்பியைத் தொடவே கூடாது, அதில் மின்சாரம் இறங்கியிருக்கலாம் என்பதைச் சொல்லிவிடுங்கள். படியில் இறங்கும் சுருள்வில் பொம்மை ஒன்றின் முனையில் காகிதக் கோப்பையைச் செருகி, மறுமுனையைத் தொங்கவிட்டு ஸ்கேலால் தட்டினால் அதே 'பியூ' கோப்பையில் கேட்கும்.

ஒளி பற்றிய கணக்கு பத்தாம் வகுப்புக்கு உகந்தது. படம் நொடிக்கு 24 சட்டகங்களாக ஓடுகிறது. துப்பாக்கியிலிருந்து கிளம்பிய ஒளிக்கீற்று 10 மீட்டர் நீளமுள்ள நடையைக் கடக்க 6 சட்டகங்கள் எடுத்தது என்று வைத்துக்கொள்வோம். கால் நொடி. வேகம் நொடிக்கு 40 மீட்டர். மணிக்கு 144 கி.மீ. நல்ல வேகப்பந்து வீச்சாளர் இதைவிட வேகமாகப் போடுவார். உண்மையான ஒளி நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கி.மீ. செல்வது, பக்கவாட்டில் நின்று பார்ப்பவருக்குத் தூசியோ புகையோ இல்லாவிட்டால் கண்ணுக்கே தெரியாது. எங்கள் மாணவர்கள் சட்டகம் சட்டகமாக எண்ணி, திரைப்படத் துப்பாக்கிகளுக்கு ஒரு வேகப் பட்டியலே போட்டுவிட்டார்கள்.

1977-இல் பயன்பட்ட துப்பாக்கிகள் வாடகைப் பொருள்கள். படப்பிடிப்பு முடிந்ததும் நிறுவனத்துக்கே திரும்பின, ஒட்டியவை கழற்றப்பட்டன. ஹான் சோலோவின் துப்பாக்கிகளில் மிஞ்சிய ஒன்று 2022-இல் அமெரிக்காவில் 10 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. எங்களுடையதையும் கண்காட்சிக்கு மறுநாள் பிரித்தோம். குழாய்த் துண்டு தோட்டத்துக்குப் போனது, ரெடியூசர் மோட்டார் கொட்டாய்க்குப் போனது, பம்பு சைக்கிள்காரரிடம் போனது. எண்சக்கரத்தை மட்டும் மூன்றாம் வகுப்பு ஆசிரியை கேட்டு வாங்கிக்கொண்டார். மஞ்சள் எண்டு கேப்பும் ஒட்டுப்பசையும்தான் நாங்கள் கடையில் வாங்கியவை.